60 மணி நேரமும் ஒரு மஞ்சள் கேட்டும்: பார்க்லி மாரத்தானின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு கேட்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

பெரிய கேட் எல்லாம் இல்லை. காட்டுப் பாதைக்குள்ள வண்டி நுழையக் கூடாதுன்னு குறுக்கே போட்டிருக்கிற, மஞ்சள் பெயின்ட் அடிச்ச ஒரு இரும்புத் தடுப்பு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துல ஃப்ரோசன் ஹெட் ஸ்டேட் பார்க்னு ஒரு மலைக்காடு இருக்கு. அங்க கூடாரம் போட்டுத் தங்குற இடத்துக்குப் பக்கத்துலதான் அந்த கேட்.

2017 ஏப்ரல் 3. கேட்டைச் சுத்தி ஒரு சின்னக் கூட்டம். எல்லார் கண்ணும் கடிகாரத்து மேல. கனடாவைச் சேர்ந்த கேரி ராபின்ஸ் என்ற ஓட்டக்காரர், ரெண்டரை நாளா மலையில அலைஞ்சவர், ஓடி வந்து கேட்டைத் தொட்டு அப்படியே தரையில சரிஞ்சார். பந்தயத்துக்கான நேர எல்லை 60 மணி நேரம். அவர் கேட்டைத் தொட்டப்போ ஆகியிருந்தது 60 மணி நேரம், 6 விநாடி.

கணக்குல சேராதுன்னு சொல்லிட்டாங்க.

இதை முதல் தடவை கேள்விப்பட்டப்போ எனக்குக் கோபம்தான் வந்தது. 6 விநாடிங்க! செருப்பு மாட்டுற நேரம். அதுக்காகவா ஒருத்தரோட ரெண்டரை நாளை இல்லைன்னு சொல்லுவாங்க? இந்தப் பந்தயத்தோட முழு வரலாற்றையும் தேடிப் படிச்ச பிறகு என் கருத்து மாறிடுச்சு. எப்படி மாறுச்சுன்னு சொல்றதுதான் இந்த எபிசோடு.

ஒரு ஜெயில், ஒரு கைதி, 54 மணி நேரம்

கதை ஓட்டப்பந்தயத்துல ஆரம்பிக்கலை, ஒரு கொலையில ஆரம்பிக்குது. 1968 ஏப்ரல் 4-ஆம் தேதி மெம்பிஸ் நகரத்துல மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்குல ஜேம்ஸ் ஏர்ல் ரேக்கு 99 வருஷம் தண்டனை கிடைச்சது. அவரை பிரஷ்ஷி மவுன்டன்னு ஒரு சிறையில அடைச்சாங்க. அது நம்ம மஞ்சள் கேட் இருக்கிற அதே மலைத்தொடர்ல இருக்கு. மூணு பக்கமும் செங்குத்தான மலை. மதில் ஏறிக் குதிச்சாலும் போறதுக்கு இடம் கிடையாது.

1977 ஜூன் 10-ஆம் தேதி ரேயும் இன்னும் ஆறு கைதிகளும் ஒரு ஏணி செஞ்சு மதிலைத் தாண்டிட்டாங்க. நாடே பதறிப்போய்த் தேடுச்சு. சுமார் 54 மணி நேரம் கழிச்சு, மோப்ப நாய்கள் ரேயைக் கண்டுபிடிச்சது. இலைக் குவியலுக்கு அடியில ஒளிஞ்சுகிட்டு இருந்தார். அவ்வளவு நேரத்துல அவர் கடந்திருந்தது வெறும் 8 மைல், அதாவது 13 கிலோமீட்டருக்குக் கிட்ட.

இந்தச் செய்தியைக் கேட்டுச் சிரிச்சவர் கேரி கேன்ட்ரல். டென்னசிக்காரர், நெடுந்தூரம் ஓடுறவர். "அந்த நேரத்துல நான்னா 100 மைல் போயிருப்பேன்" என்கிற மாதிரி கேலி பண்ணியிருக்கார். அந்தக் கேலி அதோட நிற்கலை. கார்ல் ஹென் என்ற நண்பரோட சேர்ந்து அதே மலையில 1986-ல ஒரு பந்தயமே ஆரம்பிச்சுட்டார். பாரி பார்க்லின்னு ஒரு நண்பர் பெயரை அதுக்கு வெச்சார். இப்படித்தான் 'பார்க்லி மாரத்தான்ஸ்' பிறந்தது.

ஒரு கொலைகாரன் தப்பி ஓடின கதையில இருந்து ஒரு விளையாட்டு வந்தது எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது. ஆனா ரேயை இங்க யாரும் கொண்டாடலை. அவரை மடக்கிப் போட்ட மலைக்கிட்டதான் எல்லாரும் மோதிப் பார்க்குறாங்க.

கேன்ட்ரலை எல்லாரும் 'லாசரஸ் லேக்'னு கூப்பிடுவாங்க, சுருக்கமா லாஸ். நாமளும் இனிமே லாஸ்னே சொல்லிக்கலாம். ஏன்னா ராபின்ஸ் பேரும் கேரிதான், குழப்பம் வேண்டாம்.

விதிகள்: முதல்ல சிரிப்பு வரும்

இந்தப் பந்தயத்துல சேர விண்ணப்பிக்க ஒரு வெப்சைட் கிடையாது. யாருக்கு எழுதணும், எப்போ எழுதணும்னு நீங்களே விசாரிச்சுக் கண்டுபிடிக்கணும். 'என்னை ஏன் ஓட விடணும்'னு ஒரு கட்டுரை அனுப்பணும். கட்டணம் 1.60 டாலர். முதல் தடவை வர்றவங்க அவங்க ஊர் வண்டியோட ஒரு நம்பர் பிளேட் கொண்டு வரணும். போன தடவை தோத்துட்டுத் திரும்பி வர்றவங்க லாஸ் கேக்குற துணிமணி கொண்டு வரணும். சாக்ஸோ சட்டையோ, அந்த வருஷம் அவருக்கு எது தேவையோ அது. ஏற்கெனவே முடிச்சவங்க வந்தா ஒரு பாக்கெட் கேமல் சிகரெட் போதும்.

வருஷத்துக்குச் சுமார் 40 பேரைத்தான் எடுப்பாங்க. தேர்வானவங்களுக்கு வாழ்த்துக் கடிதம் வராது, இரங்கல் கடிதம்தான் வரும். அந்த 40 பேர்ல ஒருத்தருக்கு 1-ஆம் நம்பர் கொடுப்பாங்க. பெருமைப்பட ஒண்ணுமில்லை. இங்க வந்திருக்கவே கூடாதவர்னு லாஸ் நினைக்கிறவருக்குத்தான் அந்த நம்பர். பலி ஆடுன்னு வெச்சுக்கோங்க.

ஓட்டம் எந்த நாள்னு வெளியில சொல்ல மாட்டாங்க. ஓடுறவங்களுக்கு நாள் தெரியும், எத்தனை மணிக்குன்னு தெரியாது. கூடாரத்துல காத்துக்கிட்டே இருக்கணும். திடீர்னு லாஸ் ஒரு சங்கை எடுத்து ஊதுவார். நிஜமாவே சங்குதாங்க. சங்கு ஊதி ஒரு மணி நேரத்துல ஓட்டம் ஆரம்பம். நம்ம ஊர்ல ஒருத்தருக்குச் 'சங்கு ஊதிட்டாங்க'ன்னு சொன்னா என்ன அர்த்தமோ, கிட்டத்தட்ட அதே அர்த்தம் இங்கயும் பொருந்தும். ஒரு மணி நேரம் கழிச்சு கேட் பக்கத்துல நின்னு லாஸ் சிகரெட் பத்த வைப்பார். துப்பாக்கிச் சத்தமோ விசிலோ கிடையாது. சிகரெட் பத்திக்கிச்சுன்னா ஓட வேண்டியதுதான்.

விதிகள்: அப்புறம் சிரிப்பு போயிடும்

மொத்தம் அஞ்சு சுற்று. ஒவ்வொண்ணும் 20 மைல்னு லாஸ் சொல்வார், ஓடினவங்க 26 மைல் வரைக்கும் இருக்கும்னு சொல்வாங்க. ஒரு சுற்றுக்கு 12 மணி நேரம்னு கணக்கு வெச்சா மணிக்கு மூன்றரை கிலோமீட்டர்தான். நாம கடைக்கு நடந்து போற வேகத்தைவிடக் குறைவு. அப்போ எது கஷ்டம்?

ஏற்றம்தான். அஞ்சு சுற்றுலயும் ஏறுற உயரத்தைக் கூட்டினா 18,000 மீட்டருக்கும் மேல. கடல் மட்டத்துல இருந்து எவரெஸ்ட் உச்சிக்கு ரெண்டு தடவை ஏறுறதுக்குச் சமம். நிறைய இடத்துல பாதையே இருக்காது. முள்ளுப் புதர், சகதி, ஓடை, வழுக்குற இலைக் குவியல்தான். 'ரேட் ஜா'ன்னு ஒரு சரிவு இருக்கு. மின்கம்பி போறதுக்காக மரங்களை வெட்டின இடம், இப்போ முழுக்க முள். அதுல ஏறி வர்றவங்களோட காலைப் பார்த்தா பூனைக் கூட்டத்துக்கிட்ட மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். அந்தப் பழைய சிறைக்கு அடியில போற தண்ணீர்ச் சுரங்கம் வழியாவும் ஓட்டம் போகும்.

ஜிபிஎஸ் கூடாது, போன் கூடாது. வரைபடமும் திசைகாட்டியும் மட்டும்தான். கேம்ப்ல ஒரு மூல வரைபடம் வெச்சிருப்பாங்க, அதைப் பார்த்து உங்க படத்துல நீங்களே வரைஞ்சுக்கணும். வழியில உதவி நிலையம் கிடையாது, ரெண்டு இடத்துல தண்ணி மட்டும் வெச்சிருப்பாங்க.

யாராவது குறுக்கு வழியில வந்தா எப்படித் தெரியும்? இங்கதான் லாஸோட மூளையே இருக்கு. காட்டுக்குள்ள ஒன்பதுல இருந்து பதினஞ்சு இடத்துல பழைய புத்தகங்களை ஒளிச்சு வெச்சிருப்பார். உங்க சட்டையில குத்தியிருக்கிற எண் எதுவோ, அந்தப் பக்கத்தை ஒவ்வொரு புத்தகத்துல இருந்தும் கிழிச்சுட்டு வரணும். சுற்று முடிஞ்சதும் லாஸ் உட்கார்ந்து ஒவ்வொரு தாளா எண்ணுவார். ஒண்ணு குறைஞ்சாலும் அந்தச் சுற்று செல்லாது. அடுத்த சுற்றுக்குப் புது எண், புதுப் பக்கம். இந்தச் சோதனைக்கு கேமராவும் வேண்டாம், சென்ஸாரும் வேண்டாம்.

தூக்கம்? மேல சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்க. 12 மணி நேரத்துக்குள்ள சுற்றை முடிச்சு வந்தா, மிச்சப்படுத்துற நேரம்தான் சாப்பிட, கால் புண்ணுக்கு மருந்து போட, கண்ணை மூட. பெரும்பாலானவங்களுக்கு அந்த மிச்சம் இருக்கிறதே இல்லை. ரெண்டு இரவு தாண்டினதும் மூளை ஏமாத்த ஆரம்பிச்சுடும், இல்லாத ஆளுங்க தெரிவாங்க.

முடியாம விலகினா, கேம்ப்ல ஒருத்தர் பியூகிள் வாசிப்பார். அமெரிக்க ராணுவ இறுதிச் சடங்குல வாசிக்கிற 'டாப்ஸ்' மெட்டு. ராத்திரி முழுக்க அது ஒலிச்சுக்கிட்டே இருக்கும். 2006-ல 75 வயசுக்காரர் ஒருத்தர் காட்டுல 32 மணி நேரம் அலைஞ்சு திரும்பி வந்தார். பந்தயப் பாதையில அவர் கடந்திருந்தது 2 மைல்தான். அவருக்கும் அதே மெட்டுதான்.

கோடு நகர்ந்துகிட்டே இருக்கும்

1986-லயும் 1987-லயும் யாருமே முடிக்கலை. அப்போ பந்தயம் மூணு சுற்றுதான். 1988-ல எட் ஃபர்டா முதல் ஆளா முடிச்சார். சந்தோஷம்தானே? லாஸ் என்ன பண்ணினார் தெரியுமா? பந்தயத்தை 100 மைலா நீட்டிட்டார். பழைய மூணு சுற்றுக்கு 'ஃபன் ரன்'னு பேர் வெச்சுட்டார். அதாவது 40 மணி நேரத்துக்குள்ள ஓடி முடிச்சா அது 'ஜாலி ஓட்டம்'.

அஞ்சு சுற்றையும் முதல்ல முடிச்சவர் மார்க் வில்லியம்ஸ், பிரிட்டன்காரர். 1995-ல 59 மணி 28 நிமிஷத்துல முடிச்சார். அடுத்து முடிக்க ஆறு வருஷம் ஆச்சு. 2001-ல டேவிட் ஹார்ட்டன், பிளேக் வுட் ரெண்டு பேரும் ஒண்ணா வந்து சேர்ந்தாங்க. அதே வருஷம் சூ ஜான்ஸ்டன் நாலாவது சுற்று வரைக்கும் போனார். அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் போனதில்லை. இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

2012-ல பிரெட் மௌன் 52 மணி 3 நிமிஷத்துல முடிச்சார். அவர் இயற்பியல் படிச்ச ஆள். இதுவரைக்கும் அதுதான் அதிவேகச் சாதனை. அதே வருஷம் ஜாரட் கேம்ப்பெல் முதல் தடவையா முடிச்சார். அப்புறம் 2014, 2016, 2024-னு மொத்தம் நாலு தடவை முடிச்சிருக்கார். வேற யாரும் அத்தனை தடவை முடிச்சதில்லை.

ஒவ்வொரு தடவை யாராவது முடிக்கும்போதும் லாஸ் வரைபடத்தை எடுத்துக்கிட்டு உட்கார்ந்துடுவார். இன்னொரு ஏற்றம், இன்னொரு புத்தகம் சேர்ந்துடும். கேக்க வில்லத்தனமா இருக்கு. ஆனா அவர் பந்தயத்தை முழுசா முடியாததாவும் ஆக்குறதில்லை, சுலபமாவும் விடுறதில்லை. முடியும், முடியாதுக்கு நடுவுல ஒரு கோடு இருக்கும்ல, அந்தக் கோட்டு மேலயே பந்தயத்தை நிறுத்தி வெச்சிருக்கார். 2024 வரைக்கும் மொத்தம் 20 பேர்தான் முடிச்சிருக்காங்க.

திரும்ப அந்த 6 விநாடிக்கு

இப்போ 2017-க்குத் திரும்புவோம். ராபின்ஸும் ஜான் கெல்லியும் முதல் நாலு சுற்றைப் பெரும்பாலும் சேர்ந்தேதான் ஓடினாங்க. கெல்லி அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். அஞ்சாவது சுற்றுக்கு ஒரு விதி உண்டு. முதல்ல கிளம்புறவர் எந்தத் திசைன்னு தேர்ந்தெடுக்கலாம், அடுத்தவர் எதிர்த் திசையிலதான் போகணும். அதுவரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் துணையா இருந்தவங்களை, உடம்பும் மூளையும் ஓய்ஞ்சு போன நேரத்துல தனியாப் பிரிச்சு விடுறதுதான் நோக்கம்.

கெல்லி 59 மணி 30 நிமிஷத்துல கேட்டைத் தொட்டார். வழியில கிடந்த ஒரு ஆரஞ்சுக் குல்லாவையும் பிளாஸ்டிக் பையையும் குளிருக்குப் போட்டுக்கிட்டு வந்து நின்னார். ராபின்ஸ் கடைசிப் புத்தகத்தோட பக்கத்தையும் கிழிச்சுட்டார். எல்லாத் தாளும் கையில இருக்கு. அங்கதான் மூடுபனியில தப்பான பக்கம் திரும்பிட்டார். தப்பு புரிஞ்சதும் ஆற்றைக் கடந்து, வேற வழியில ஓடி, எல்லாரும் எதிர்பார்த்த திசைக்கு எதிர்த் திசையில இருந்து கேட்டுக்கு வந்தார்.

அப்புறம் லாஸே இதைத் தெளிவுபடுத்தினார். பிரச்சினை 6 விநாடி இல்லை. கடைசி 2 மைல் பாதையை ராபின்ஸ் ஓடவே இல்லை. 10 நிமிஷம் முன்னாடி வந்திருந்தாலும் செல்லாது.

எனக்குக் கருத்து மாறின இடம் இதுதான். ராபின்ஸுக்காக மனசு வலிக்குது, இப்பவும்தான். அந்த இடத்துல நான் இருந்தா 'பரவாயில்லை, சேர்த்துக்கோங்க'ன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா அப்படிச் சேர்த்திருந்தா, அரை மணி நேரம் முன்னாடி முழுப் பாதையையும் ஓடி வந்த கெல்லிக்கு என்ன மரியாதை? அடுத்து வரப்போறவங்களுக்கு அந்தக் கோட்டோட மதிப்பு என்ன ஆகும்?

குப்பைத் தொட்டியோட ஒரு உரையாடல்

2017-க்குப் பிறகு பெரிய வறட்சி. 2018-ல இருந்து 2022 வரைக்கும் ஒருத்தரும் முடிக்கலை. நடுவுல 2020-ல கொரோனாவால பந்தயமே நடக்கலை.

2022-ல கேரல் சாபே, பெல்ஜியத்தைச் சேர்ந்த பல் டாக்டர், நாலாவது சுற்றுல வழி தவறிப் பக்கத்து ஊருக்கே போயிட்டார். அங்க நின்ன ஒரு அம்மாகிட்ட வழி கேட்டார். கிட்டப் போனா, அது குப்பைத் தொட்டி. கடைசியில போலீஸ்காரர் ஒருத்தர்தான் அவரை வண்டியில ஏத்திக் கேம்ப்ல கொண்டு வந்து விட்டார்.

அதே சாபே அடுத்த வருஷம் திரும்ப வந்தார். 2023-ல 59 மணி 53 நிமிஷத்துல முடிச்சார். அந்த வருஷம் மொத்தம் மூணு பேர் முடிச்சாங்க.

99 விநாடி

சூ ஜான்ஸ்டன் பேரை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன்ல? 2001-க்கு அப்புறம் ரெண்டு பத்தாண்டுக்கும் மேல எந்தப் பெண்ணும் நாலாவது சுற்றைத் தொடவே இல்லை. பெண்களால இதை முடிக்க முடியாதுன்னு லாஸ் வெளிப்படையாவே சொல்லிக்கிட்டு இருந்தார். ஒருத்தர் முடிச்சுக் காட்டுற வரைக்கும் அப்படித்தான் சொல்வேன்னும் சொன்னார். சிலர் அதை உசுப்பேத்தல்னு எடுத்துக்கிட்டாங்க. எனக்கு அது அவ்வளவு சுலபமா ஜீரணமாகலை. 40 பேர் நிக்கிற இடத்துல பெண்கள் எப்பவும் ஒரு கைப்பிடி அளவுதான். வாய்ப்பே குறைவா இருக்கும்போது 'முடியாது'ன்னு சொல்றது சுலபம்.

ஜாஸ்மின் பாரிஸ் பிரிட்டன்ல கால்நடை மருத்துவர், எடின்பரோ பல்கலைக்கழகத்துல வேலை. 2019-ல 'ஸ்பைன் ரேஸ்'னு 268 மைல் குளிர்காலப் பந்தயத்துல ஆண்கள், பெண்கள் எல்லாரையும் முந்தி முதல்ல வந்தார். பழைய சாதனையைவிட 12 மணி நேரம் குறைவு. அப்போ அவருக்குக் கைக்குழந்தை. ஓய்வு நிலையங்கள்ல குழந்தைக்காகத் தாய்ப்பால் எடுத்து வெச்சுட்டுத் திரும்ப ஓடினார்.

2022-ல பார்க்லிக்கு வந்து மூணு சுற்று முடிச்சார். 2023-ல நாலாவது சுற்று வரைக்கும் போனார். 2024 மார்ச்ல மூணாவது தடவையா வந்தார். வயசு 40, ரெண்டு குழந்தைகளுக்கு அம்மா.

மார்ச் 22. நாலு பேர் ஏற்கெனவே முடிச்சுட்டாங்க. இன்னும் சில நிமிஷம்தான் பாக்கி. கேட் பக்கத்துல நிக்கிறவங்க பாதையையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. ஜாஸ்மின் ஓடி வந்தார். 60 மணி நேரம் மலை ஏறி இறங்கினவர், அந்தக் கடைசித் தூரத்தை முழு வேகத்துல ஓடினார். கேட்டைத் தொட்டு, அதுக்குக் கீழேயே சுருண்டு உட்கார்ந்துட்டார். கால் முழுக்க முள் கீறல்.

59 மணி, 58 நிமிஷம், 21 விநாடி. 99 விநாடி மிச்சம்.

லாஸ் தாளை எண்ணினார். எல்லாம் சரியா இருந்தது. பார்க்லியை முடிச்ச முதல் பெண். லாஸ் பல வருஷமா சொல்லிக்கிட்டிருந்த அந்த வாக்கியம் அன்னைக்கு முடிவுக்கு வந்தது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. 2017-ல ராபின்ஸுக்காக அந்தக் கோட்டைக் கொஞ்சம் தள்ளி வெச்சிருந்தா, இந்த 99 விநாடிக்கு என்ன அர்த்தம் இருந்திருக்கும்? 'ஒரு பெண்ணுங்கிறதால சேர்த்துக்கிட்டாங்க'ன்னு சொல்ல ஆயிரம் பேர் வந்திருப்பாங்க. யாராலும் அப்படிச் சொல்ல முடியலை. ராபின்ஸ் கொடுத்த விலை இருக்கே, அதுவும் சேர்ந்துதான் ஜாஸ்மினோட 99 விநாடிக்குக் காவல் நிக்குது.

நம்ம ஊர்ல 10 கிலோமீட்டர் ஓட்டத்துல முடிச்ச எல்லாருக்கும் மெடல் தர்றாங்க. அதுல தப்பே இல்லை, என் வீட்டுச் சுவர்லயும் ரெண்டு தொங்குது. பார்க்லில மெடலும் இல்லை, பரிசுப் பணமும் இல்லை. முடிச்சா ஓடுறதை நிறுத்திக்கலாம், அதுதான் பரிசு. ஆனா அங்க தோத்தவங்க பேசுறதைக் கேட்டா எனக்குப் பொறாமையா இருக்கும். ஏன் தோத்தோம்னு அவங்களுக்குத் துல்லியமாத் தெரியும். எந்தப் புத்தகம், எந்தத் திருப்பம், எத்தனை நிமிஷம்னு சொல்வாங்க. ஆபீஸ்லயும் வாழ்க்கையிலயும் நமக்குக் கிடைக்கிற தோல்வி எல்லாம் இவ்வளவு நேர்மையா இருக்கிறதில்லை.

2024-ல அஞ்சு பேர் முடிச்சதும் லாஸ் என்ன பண்ணியிருப்பார்னு இப்போ உங்களுக்கே தெரியும். வரைபடத்தை எடுத்தார். 2025-ல ஒருத்தரும் முடிக்கலை.

ராபின்ஸ் இடத்துல நீங்க இருந்திருந்தா அந்தத் தீர்ப்பை ஏத்துக்கிட்டிருப்பீங்களா? யோசிச்சு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.